மாமியார் வீட்டு மஞ்சள் நெருப்பு

சுமத்ராத் தீவில் பாயாகும்பு ஊர்ச் சந்தையின் பின்வாசலில் தர்வீஸ் கடை போட்டிருந்தான். கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மேலே ஒரு தகரக் கூரை, கீழே ஒரு மரப்பெட்டி, சுற்றிலும் ஊரார் வீட்டு அடுப்புகள், அவ்வளவுதான். ஆனால் வேலை என்று வந்துவிட்டால், சும்மா சொல்லக் கூடாது, அந்த வட்டாரத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அடுப்பைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் அவன் முதலில் அடுப்பைப் பார்ப்பதில்லை. கொண்டு வந்தவளைப் பார்த்து, "நேத்து என்ன சமைச்சீங்க?" என்பான். தேங்காய்ப்பால் இல்லாமல் ஒரு வேளை கழியாத ஊர் அது. பால் பொங்கி வழிந்து, பர்னர் துளைகளில் இறங்கி, காய்ந்து, கல்லாகிவிடும். பாதிப் பழுது அதுதான். மின்சாரச் சோற்றுக் குக்கரைக் கொண்டு வந்தால் உள்பாத்திரத்தைத் தூக்கிச் சூட்டுத்தட்டின் மேல் விரலால் தடவுவான். காய்ந்துபோன ஒற்றைச் சோற்றுப் பருக்கை அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். பாத்திரம் தட்டில் சரியாக உட்காராததால்தான் சோறு வேகவில்லை. அதை நகத்தால் சுரண்டிக் காட்டி, "இதோ உங்க பழுது, பத்திரமா எடுத்துட்டுப் போங்க" என்று கையில் கொடுப்பான். வந்தவளுக்குச் சிரிப்பும் வரும், வெட்கமும் வரும்.

பெரிய தீயை எவன் வேண்டுமானாலும் எரிய வைப்பான் என்பது அவன் கட்சி. பழுது பார்த்து முடித்ததும் திருகுக் குமிழை ஆகக் குறைத்து, நெல்மணி அளவுக்குத் தீயை நிறுத்தி, ஒரு தகர மூடியால் பக்கத்தில் விசிறுவான். அணையாமல் நின்றால்தான் அடுப்பு வீடு போகும். அணைந்தால் மறுபடி எல்லாவற்றையும் பிரித்துப் போடுவான், வாடிக்கைக்காரி எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி. இந்த வீம்பு அவனுக்கு ஜகார்த்தாவில் வந்தது. பாயாகும்புப் பையன்கள் எல்லோரையும் போல அங்கே பிழைக்கப் போய், நடைபாதையில் இடுப்பு வார் விற்றுக்கொண்டிருந்தவன் அவன். அப்போதுதான் அரசாங்கம் மண்ணெண்ணெயை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வீடு எரிவாயு அடுப்பு கொடுத்தது. முலாம்பழம் என்று ஊரே கிண்டலாக அழைக்கும் அந்தப் பச்சைக் குட்டி சிலிண்டரைக் கண்டு நடுங்காத வீடு இல்லை. மற்றவர்கள் பயந்த இடத்தில் தர்வீஸ் பையைத் தூக்கிக்கொண்டு நுழைந்தான். இரண்டு முறை புருவத்தைப் பொசுக்கிக்கொண்டு தொழிலைக் கற்றான்.

இப்படிப்பட்டவன் வீட்டில் அடுப்பு எப்படி எரிய வேண்டும்? ஜம்மென்று நீலமாக எரிய வேண்டாமா? அந்தத் தெருவிலேயே மஞ்சளாக எரிந்து பாத்திரமெல்லாம் கரி பூசுகிற அடுப்பு அவன் இருந்த வீட்டில்தான் இருந்தது. காரணம் அவன் மாமியார் சம்சினார்.

அங்கே வீடு பெண்ணுடையது. மணமுடித்தவன் மனைவி வீட்டில் போய்த்தான் இருக்க வேண்டும். மரியாதைக்குக் குறைவிருக்காது. கல்யாணத்தன்று அவன் குலத்தார் கொடுத்த 'சுத்தான் மலானோ' என்ற பட்டப்பெயரைச் சொல்லித்தான் மனைவி வீட்டார் அழைப்பார்கள், பெயர் சொன்னால் குற்றம். காபி கூடத்துக்கு வரும், மெத்தை விரித்திருக்கும். ஆனால் சமையல்கட்டுப் பக்கம் அவன் தலை தெரிந்தால் போச்சு. மனைவி வீட்டில் எடுபிடி வேலை செய்கிற மாப்பிள்ளைக்கு அங்கே 'கிழிஞ்ச பாய்' என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் தன் வாசலுக்கு வந்துவிடுமோ என்று சம்சினாருக்கு உள்ளுக்குள் உதறல். மூத்த மாப்பிள்ளை பாடாங் நகரத்தில் துணிக்கடை வைத்து கார் வாங்கியிருந்தான். இளையவன் ஊரார் வீட்டுக் கரியைச் சுரண்டுகிறான். போதாதா?

கல்யாணமான புதிதிலேயே அவள் சொல்லிவிட்டாள்.

"சுத்தான், வெளியில யார் வீட்டு அடுப்பை வேணாலும் பிரிங்க. அது உங்க பிழைப்பு. என் அடுப்பை மட்டும் தொட வேணாம். நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"யாரும் பார்க்காதப்போ தொடுறேன் அமாக்" என்றான். அம்மாவை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

"சுவருக்கும் கண்ணு உண்டு இந்தத் தெருவுல."

சரி என்று விட்டுவிட்டான். விட்டானே ஒழிய மனசு ஆறவில்லை. கூடத்தில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது உள்ளே சிலிண்டர் கழுத்தில் மெல்லிய சீறல் அவன் காதில் விழும். மாமியார் அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தாள். மிளகாய் அரைக்கும் அம்மிக்கல்லைத் தூக்கி ரெகுலேட்டர் மேல் வைத்துவிடுவாள். சீறல் அடங்கும். தர்வீஸுக்கு ரத்தம் கொதிக்கும். "உன் அம்மாகிட்ட நீயாவது சொல்லக் கூடாதா தெஸ்மி?" என்று மனைவியிடம் பொருமுவான். "சொன்னேங்க. உன் புருஷனை கூடத்தோட இருக்கச் சொல்லுன்னாங்க" என்பாள் அவள். சொந்த வீட்டில் தன் வேலைக்கு மதிப்பில்லையே என்ற வருத்தம் அவனை அரித்துக்கொண்டே இருந்தது. ஊரெல்லாம் புகழ்ந்து என்ன பிரயோஜனம்?

தெஸ்மியின் தங்கைக்குக் கல்யாணம் கூடியது. மாட்டிறைச்சியைத் தேங்காய்ப்பாலில் போட்டு, பால் வற்றி எண்ணெய் பிரிந்து கறுப்பாகும் வரை கிண்டுகிற ரெண்டாங் இல்லாமல் அங்கே கல்யாணம் இல்லை. அது கறுக்காமல் பழுப்புக் குழம்பாக நின்றுவிட்டால் மணமகன் வீட்டார் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஊருக்குப் போய்ச் சொல்வார்கள். அதுவரை விறகில்தான் கிண்டுவது வழக்கம். அந்த வாரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. விறகு, தேங்காய் மட்டை எல்லாம் ஊறிப்போயின. சம்சினார் வேறு வழியில்லாமல் அக்கம்பக்கத்து எரிவாயு அடுப்புகளை எல்லாம் இரவல் வாங்கி, சமையல்கட்டில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சட்டி ஏற்றினாள். சிலிண்டர் கழுத்துகளில் என்னென்ன கல் உண்டோ அத்தனையும் ஏறின.

கல்யாணத்துக்கு முதல் நாள் அது. கூடத்தில் ஆண்கள் கூடியிருந்தார்கள். தெஸ்மியின் தாய்மாமன், குலத்துக்கே தலைவர், எல்லோரும் தாத்துக் என்று அழைக்கும் பெரியவர், யார் யாரை எங்கே உட்கார வைப்பது என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். அவர் பேசும்போது எழுந்திருப்பது அவமரியாதை. தர்வீஸ் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். வாடை வந்தது.

முதலில் மசாலா வாடையில் அது தெரியவில்லை. பிறகு தெரிந்தது. எரிவாயு கனமானது, மேலே போகாது, தரையோடு தவழும். உள்ளே பெண்கள் தரையில் பாய் போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார்கள், மூலையில் குழந்தைகள் தூங்குகின்றன. தெஸ்மி அங்கேதான் இருக்கிறாள். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே என்று தன் மேலேயே அவனுக்குக் கோபம் பொங்கியது. தாத்துக் பேச்சை முடிக்கவில்லை. தர்வீஸ் எழுந்தான்.

"சுத்தான், எங்கே கிளம்பிட்டீங்க?" என்றார் பெரியவர்.

"மன்னிக்கணும் தாத்துக். சமையல்கட்டுக்கு."

நேராக உள்ளே போனான். சத்தம் போடவில்லை. "எல்லாத் தீயையும் அணைங்க. யாரும் லைட்டு சுவிட்சைத் தொடாதீங்க. குழந்தைங்களைத் தூக்கிட்டு முற்றத்துக்குப் போங்க" என்றான். அந்தக் குரலை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பெண்கள் மறுபேச்சில்லாமல் எழுந்தார்கள். கல்லைத் தள்ளி, ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டர்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய் வைத்தான். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, முறத்தை எடுத்துத் தரையோடு வீசி வாசல் பக்கம் காற்றைத் தள்ளினான்.

சம்சினார் முகம் வெளுத்து நின்றாள். "பால் இப்பத்தான் கொதிச்சு வந்துச்சு. பாதியில அணைச்சா ரெண்டாங் என்ன ஆகும்? நாளைக்கு நான் எதைப் பரிமாற?"

"நாளைக்குப் பரிமாற வீடு இருக்கணும்ல அமாக்."

மழை சற்று விட்டிருந்தது. தர்வீஸ் புதுச் சட்டையின் கைகளை மடித்துவிட்டு, "அடுப்பையெல்லாம் முற்றத்துக்குக் கொண்டு வாங்க, என் வேலைப் பையும் ஒரு பாயும் கொடுங்க" என்றான்.

பக்கத்து வீட்டு லிஸ்மாவுக்கு வாய் நீளம். "பாய் எதுக்கு, அதான் நீங்களே இருக்கீங்களே" என்றாள். நாலைந்து பேர் முந்தானைக்குள் சிரித்தார்கள். தெஸ்மி விறுவிறுவென்று உள்ளே போய், வீட்டில் இருந்ததிலேயே நல்ல பாயை, தாத்துக் உட்காருவதற்கென்று வைத்திருந்த புதுப் பாயை, கொண்டு வந்து புருஷன் முன்னால் விரித்தாள்.

தாத்துக் உள்பட ஆண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. கழுத்து ரப்பர் வளையங்களைப் பெயர்த்தெடுத்தான். சிலது காய்ந்து வெடித்திருந்தன, சிலதில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் பையிலிருந்து புதியது போட்டான். பர்னர் துளைகளை மெல்லிய கம்பி இழையால் ஒவ்வொன்றாகத் திறந்தான். லிஸ்மாவின் அடுப்புக் குழாயைத் தட்டியதும் சிலந்திக்கூடு ஒன்று முழுசாக வந்து விழுந்தது. "வாடகை வாங்குறீங்களா இதுகிட்ட?" என்றான். இப்போது சிரிப்பு இடம் மாறியது.

கடைசியில் சம்சினாரின் அடுப்பு. எரிவாயு பீறி வரும் சின்னத் துளைத் திருகான ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். ஊசி நுழைத்து நுழைத்துத் துளையை அகலமாக்கி வைத்திருந்தார்கள். காலமெல்லாம் மஞ்சளாக எரிந்ததும், சட்டி கறுத்ததும், வாரத்துக்கொரு சிலிண்டர் தீர்ந்ததும் அதனால்தான். நிமிர்ந்து பார்த்தான். சம்சினார் தலைத்துணியில் எப்போதும் குத்தி வைத்திருக்கும் ஊசியை விரலால் மூடிக்கொண்டு நின்றாள்.

"அதுல என்ன கோளாறு?" என்று லிஸ்மா எட்டிப் பார்த்தாள்.

"வயசாயிடுச்சு, தேஞ்சு போச்சு. வேற ஜெட் போடணும், இன்னைக்குக் கடை இருக்காது. இதை ஓரமா வைங்க" என்றான் தர்வீஸ்.

மாமியாரின் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

மற்ற அடுப்புகள் உள்ளே போயின. நீலத் தீ வரிசையாக நின்றது, பார்க்கவே கண்கொள்ளவில்லை. சட்டிகள் மறுபடி கொதித்தன. பால் வற்றத் தொடங்கியதும் தர்வீஸ் ஒவ்வொரு திருகாகக் குறைத்து நெல்மணித் தீயில் நிறுத்தினான். மழைக்காற்று வாசல் வழியே சுழன்று சுழன்று வந்தது. ஒரு தீயும் அணையவில்லை. அவன் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான், யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. எண்ணெய் பிரிந்து, இறைச்சி கறுத்து, அடிபிடிக்காமல் ஒவ்வொரு சட்டியும் இறங்கியபோது, சம்சினார் முதல் துண்டை ஒரு தட்டில் வைத்து அவன் முன்னால் நகர்த்தினாள்.

மறுநாள் மணமகன் வீட்டார் வந்து கூடம் நிறைந்தது. தர்வீஸும் மற்ற ஆண்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தான். எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் கரி போகவில்லை. கைகளை மடியில் மறைத்து வைத்திருந்தான். மணமகனின் தாய்மாமன் சாப்பாட்டில் கறாரான மனிதர் என்று பேர். ரெண்டாங்கை ஒரு வாய் வைத்தார், அப்புறம் இன்னொரு வாய்.

"இந்த மழையில எங்கே விறகு பிடிச்சீங்க? யார் சமையல் இது?" என்றார்.

பரிமாறிக்கொண்டிருந்த சம்சினார் நின்றாள். கூடமே அவளைப் பார்த்தது.

"மசாலா அரைச்சது நான். கிண்டினது பொண்ணுங்க. நெருப்பு எங்க மாப்பிள்ளையோடது" என்று கையை நீட்டி தர்வீஸைக் காட்டினாள். "அவர் அடுப்பு பார்க்கிறவர். இந்த ஊர்ல அவர் கை பட்ட அடுப்பு அணையாது."

தர்வீஸ் மடியில் மறைத்திருந்த கைகளை வெளியே எடுத்தான்.

"அடடே, எங்க வீட்டு அடுப்பும் மஞ்சளாத்தான் எரியுது. நாளைக்கு வந்து கொஞ்சம் பார்க்க முடியுமா சுத்தான்?" என்றார் அந்தப் பெரிய மனிதர்.

தர்வீஸ் வாயைத் திறப்பதற்குள் சம்சினார் முந்திக்கொண்டாள்.

"நாளைக்கு முடியாதுங்க. நாளைக்கு அவருக்கு என் அடுப்புல வேலை இருக்கு."