ஏரிக்கரையில் என் மனைவி அழுத காட்சி

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. என் மனைவியின் முகம். முடி கலைந்து, வாய் பாதி திறந்து, கண் தூரத்தில் எதையோ தேடுகிறது. பெரிய டைரக்டர் ஒருவர் எடுத்த சினிமாவில் வரும் காட்சி அது. மகன்தான் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்துக் கொண்டுவந்து மாட்டினான். என் மனைவி அதைத் துடைக்க மாட்டாள். ஹாலைக் கூட்டும்போதுகூட அதற்கு முதுகைக் காட்டியே கூட்டுவாள்.

அந்தச் சினிமா எடுத்தபோது மகனுக்கு மூன்று வயது. நான் மைசூரில் கட்டட வேலையில் இருந்தேன். அவள் மகனை வைத்துக்கொண்டு எங்கள் ஊர் கௌதள்ளியில் இருந்தாள். ஊருக்கு வெளியே இருக்கும் ஏரியில் ஷூட்டிங். அந்த டைரக்டருக்கு நடிக்கத் தெரிந்த கூட்டம் ஆகாது. எந்த ஊரில் எடுக்கிறாரோ அந்த ஊர் ஜனங்களையே நிற்க வைப்பார். ஏரியிலிருந்து ஒரு பிணத்தை எடுக்கிறார்கள், கரையில் நிற்கிற பெண்கள் அழ வேண்டும். மத்தியானம் வரைக்கும் யாருக்கும் அழுகை சரியாக வரவில்லை. சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள்.

அப்போது டைரக்டர் என் மனைவியின் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மெதுவாகச் சொல்லியிருக்கிறார்: "அம்மா, உங்க பையனைக் காணோமாம். அந்தப் பக்கம் தண்ணியில ஒரு குழந்தை கிடக்குதுன்னு சொல்றாங்க."

கேமரா அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது.

காட்சி முடிந்ததும் அவரே ஓடிப்போய், புளியமரத்தடியில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த என் மகனைத் தோளில் தூக்கிவந்து அவள் மடியில் போட்டார். ஊரே பார்க்க அவள் காலில் விழுந்தார். இதையெல்லாம் எனக்குச் சொன்னது என் மச்சினன். அவளுடைய தம்பி. அவனும் அன்றைக்குக் கூட்டத்தில் நின்றவன். என் மனைவி என்னிடம் சொன்னது ஒரே வரி: "ஒரு பாட்டம் அழுதேனுங்க, விட்டுட்டாங்க."

படம் பெரிய பெயர் வாங்கியது. வந்த வருஷமே நான் வேலை முடிந்து தனியாகப் போய்ப் பார்த்தேன். பார்த்ததை வீட்டில் சொல்லவில்லை.

அந்த டைரக்டரைப் பற்றி இரண்டு பேர் பேசினால் அது சண்டையில்தான் முடியும். வேலை செய்யும் இடத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவரைப்போல நம்ம ஜனங்களைக் காட்டியவர் யாரும் இல்லை என்பான் ஒரு மேஸ்திரி. காட்டினது சரி, நடத்தினது எப்படி என்பான் இன்னொருவன். மழையில் நடுங்கிய லைட்பையனுக்குத் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார் என்று ஒரு கதை. அதே ஷூட்டிங்கில் ஒரு வயதானவரை வேண்டுமென்றே சாயங்காலம் வரை பட்டினி போட்டு முகத்தை வாட வைத்தார் என்று இன்னொரு கதை. "நீ என்னப்பா சொல்றே?" என்று என்னைக் கேட்பார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. கலவையில் தண்ணீர் போதவில்லை என்று எழுந்து போய்விடுவேன்.

வெளியே எழுந்து போகலாம். வீட்டுக்குள் எங்கே போவது? மகனுக்கு அவர் தெய்வம். மச்சினனுக்கு அவர் பெயரைக் கேட்டாலே ஆகாது.

இப்போது நாங்கள் எல்லோரும் மைசூரில்தான் இருக்கிறோம். மகன் இங்கே ஹெப்பாளில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அவனும் சினேகிதர்களும் சேர்ந்து நல்ல படங்களாகத் தேடிப்பிடித்துப் போட்டுப் பார்ப்பார்கள். போன மாசிக்கு முன்னால், அந்த டைரக்டரையே மைசூருக்கு அழைத்துப் பாராட்டு விழா நடத்துவது என்று முடிவு செய்தார்கள். அக்ரஹாரம் என்கிற ஏரியாவில் ஒரு மண்டபம். விழாவில் அந்த ஏரிக்கரைக் காட்சியைப் போட்டுக் காட்டி, பிறகு என் மனைவியை மேடைக்கு அழைத்து, டைரக்டர் கையால் சால்வை போடுவதாக ஏற்பாடு. டைரக்டருக்குச் சொல்லியாகிவிட்டது. நோட்டீஸும் அடித்தாகிவிட்டது. அவளிடம் மட்டும் கடைசியில்தான் கேட்டான்.

"நான் வரலே" என்றாள்.

"அம்மா, ப்ளீஸ். அவரு உனக்காகத்தான் வர்றாரு."

"எனக்கு முட்டி வலி."

முட்டி வலி பொய்யில்லை. ஒவ்வொரு வருஷமும் சிவராத்திரிக்கு அவள் கௌதள்ளியிலிருந்து மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போவாள். எங்கள் பக்கம் நிறையப் பேர் போவார்கள், அதனால் நான் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. இரண்டு வருஷமாக முட்டி வீங்கி, டாக்டர் இனிமேல் மலைக்கு நடக்கவே கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டார். இந்தத் தடவையும் போய்த்தான் தீருவேன் என்று அவள் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். அக்ரஹாரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன். நோட்டீஸை ஸ்டாண்டிலேயே பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"ஏன்டா மாப்ள, அந்த ஆளு கையால எங்கக்காவுக்குச் சால்வையா? அன்னிக்கு என் கையில ஒரு கல்லு இருந்திருந்தா, இன்னிக்கு அவனுக்கு மாலைதான் போட்டிருப்பாங்க. போட்டோவுக்கு!"

"மாமா, சும்னே மாத்தாட பேடி, சும்மா பேசாதீங்க. அவரு ஜீனியஸ்."

"பொய்க்காரன்டா."

"பொய்யா இருந்தா என்ன? அந்த ஷாட்டை உலகமே பார்த்து அழுவுது. எந்தப் பெரிய டைரக்டர் கூலிக்காரம்மா கால்ல விழுவான், சொல்லு பாக்கலாம்?"

"விழுந்தது கேமராக்காரன் பாத்துட்டு இருந்தாங்கிறதால. மாமா, நீங்க ஏன் வாயத் தெறக்க மாட்டேங்கறீங்க? உங்க பொண்டாட்டி தானே?"

என்னைத்தான் கேட்டான். தண்ணீர் போதவில்லை என்று எழுந்து போக வீட்டில் கலவை இல்லை. நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் அவள் முகம் இருந்தது.

மகனுக்குக் கோபம் ஏறிவிட்டது. "ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் பொய் சொன்னாரு. என்ன நஷ்டம் ஆயிடுச்சு? நான் உயிரோடதானே நிக்கிறேன்?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வாசற்படியில் வந்து நின்றாள்.

"ஒரு நிமிஷம் இல்லடா" என்றாள். "அந்தத் தண்ணியப் பாத்துட்டே நான் மாதேஸ்வரனக் கும்பிட்டேன். என் புள்ளயக் குடுத்துரு, கால்ல தெம்பு இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் உன் மலைக்கு நடந்து வரேன்னு. எதுக்கு நடக்கறேன்னு நெனச்சீங்க எல்லாரும்?"

 வருஷா வருஷம் அவள் கொப்புளம் போட்ட காலோடு திரும்பி வருவாள். மகன் கேலி செய்வான்: "அம்மா, மாதேஸ்வரனுக்கு உன்ன விட்டா வேற ஆளே இல்லையா?" நானும் சிரித்திருக்கிறேன்.

மகன் மெதுவாகச் சொன்னான். "அம்மா, நான்தான் தண்ணியிலயே விழலியே. பொய்யக் கேட்டு வெச்ச வேண்டுதல் செல்லாதும்மா."

"அவரு எங்கிட்டப் பொய் சொன்னாரு. நான் சாமிகிட்டப் பொய் சொல்லலியே."

மச்சினன் தொடையில் தட்டினான். "அப்பிடிச் சொல்லுக்கா! இவ வரமாட்டா. போய்ச் சொல்லிரு உன் ஜீனியஸ்கிட்ட."

"நீ சும்மா இருடா" என்றாள் தம்பியிடம். பிறகு மகனைப் பார்த்தாள். "நான் வரேன்."

 அந்த வாரம் முழுக்க மகன் அவள் முகத்தையே பார்ப்பான், கேட்க வாயெடுப்பான், பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவான். மேடையில் அவள் என்ன செய்வாள் என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒருநாள், "கல்யாணப் புடவை கட்டிக்கட்டுங்களா?" என்று மட்டும் என்னைக் கேட்டாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. பாதி தமிழ், பாதி கன்னடம். நானும் அவளும் முன்வரிசையில். மச்சினன் உட்கார மாட்டேன் என்று வாசல் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மகன் மேடை ஓரத்தில், சால்வை வைத்த தட்டோடு. டைரக்டருக்கு வயதாகிவிட்டது. கைத்தடி ஊன்றி வந்தார். அவர் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். என் மனைவி முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். அவள் எழாததால் நானும் எழவில்லை. என் கழுத்துக்குப் பின்னால் எத்தனை கண்கள் இருந்ததோ தெரியாது, எல்லாம் சுட்டன.

விளக்கை அணைத்துக் காட்சியைப் போட்டார்கள். அவள் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. திரையில் ஏரி வந்தது, கரை வந்தது, பிறகு அவள் முகம் வந்தது. சுவர் அளவுக்கு. முதலில் சும்மா இருக்கிற முகம். பிறகு காதில் ஏதோ விழுகிறது. கண் தண்ணீருக்குப் போகிறது. பிறகு உதடு மட்டும் அசைகிறது. மண்டபத்தில் எனக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அந்த உதடு யாரிடம் பேசுகிறது என்று அத்தனை பேரில் நான்கு பேருக்குத்தான் தெரியும். என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் அழுந்தியது.

விளக்கு வந்ததும் டைரக்டர் மைக்கைப் பிடித்தார். குரல் இன்னும் கம்பீரமாக இருந்தது. "அந்தத் தாய் இங்கே இருக்கிறாள். அவளிடம் நான் பொய் சொன்னேன். உன் பிள்ளை தண்ணீரில் கிடக்கிறான் என்று சொன்னேன். பாவம்தான். ஆனால் இன்றைக்கு அதே கரையில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினால், அதே பொய்யை மறுபடியும் சொல்வேன்!"

கைதட்டல் காதை அடைத்தது. வாசலில் மச்சினன் கையைப் பிரித்துவிட்டான். நான் அவனைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

அவள் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். மேடைப் படியில் ஏற அவளுக்குச் சிரமமாக இருந்தது. மகன் தட்டை ஒரு கையில் பிடித்து, மறு கையை நீட்டினான். டைரக்டர் கைகூப்பினார். பதிலுக்கு அவளும் கும்பிட்டாள். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

"ஐயா, உங்கள ஒண்ணு கேக்கோணும்" என்றாள். மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. "அன்னிக்கு நீங்க அப்படிச் சொன்னப்ப, வருஷா வருஷம் மலைக்கு நடந்து வரேன்னு மாதேஸ்வரன்கிட்ட வேண்டிக்கிட்டேனுங்க. நடந்துட்டுத்தான் இருக்கேன். இப்ப முட்டி ஒத்துக்கல. இந்தச் சிவராத்திரிக்கு எனக்குப் பதிலா நீங்க நடக்கறீங்களா?"

 டைரக்டர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு கைத்தடியைத் தூக்கி மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"பார்த்தீர்களா! இந்த வசனத்தை எந்த எழுத்தாளனால் எழுத முடியும்? இதுக்குத்தான் நான் இந்த மக்களிடம் போகிறேன்!"

மறுபடியும் கைதட்டல். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். என் மனைவி அசையவில்லை. சத்தம் அடங்கும் வரை காத்திருந்தாள். அடங்கியதும் அதே குரலில் கேட்டாள்.

"நடக்கறீங்களா?"

இந்தத் தடவை யாரும் தட்டவில்லை.  டைரக்டர் சால்வைக்காகப் பக்கத்தில் கையை நீட்டினார். என் மகன் தட்டை நீட்ட வேண்டும். அவன் நீட்டவில்லை. அப்படியே நின்றான். கை தட்டைத் தேடிக் காற்றில் நின்றது. பிறகு மகன் தட்டை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துப் படியில் இறக்கிக் கூட்டிவந்தான்.

மச்சினனின் ஆட்டோவில் நான்கு பேரும் நெருக்கிக்கொண்டு வந்தோம். அவனுக்குக் கொண்டாட்டம். "எங்கக்கா கேட்டா பாரு கேள்வி! மூஞ்சி போன போக்கு!" அவள், "ரோட்டப் பாத்து ஓட்டுடா" என்றாள். மகன் முன்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, நான் நடக்கறேன் உனக்குப் பதிலா."

"நீ எதுக்கு நடக்கற? பொய் சொன்னவரத்தான் கேட்டேன். நீ என்ன பண்ணுன?"

பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, நீங்க சொல்லுங்க. திரையில போட்டாங்களே, அது நல்லா இருந்துச்சுங்களா?"

ஆட்டோவுக்குள் எழுந்து போக இடம் இல்லை. இடம் இருந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். "நல்லா இருந்துச்சு" என்றேன். "படம் வந்த வருஷமே பாத்தேன். அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு."

"மாமா!" என்று கத்திக்கொண்டு மச்சினன் பிரேக்கில் காலை வைத்தான்.

"எனக்கும் அப்படித்தாங்க பட்டுச்சு" என்றாள் அவள். "அதனாலதான் வயிறு எரியுது."

மறுநாள் காலையில் மகன் ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் படத்தை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான். அவள் துடைப்பத்தோடு வந்தவள் நின்றாள்.

"ஏன் எடுக்கற? மாட்டுடா. அது என் மூஞ்சி. அவரோடதா?"

மாட்டினான்.

சிவராத்திரிக்கு அவள் நடக்கவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லித் தடுக்கவும் இல்லை. அவளாகவே பஸ்ஸில் போகலாம் என்றாள். வேண்டுதல் என்ன ஆவது என்று கேட்டேன். "அத்தன பேரு முன்னால கேட்டாச்சு. அவரு மாட்டேன்னு சொல்லலியே. இனிமே அது அவருக்கும் மாதேஸ்வரனுக்கும். நடுவுல நான் எதுக்கு?"

கௌதள்ளி தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். தலையில் மூட்டை, வெறுங்கால், வெயில். பஸ் கூட்டத்துக்கு நடுவில் மெதுவாகத்தான் போனது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். முதலில் ஊர்க்காரர்களைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன். கைத்தடி ஊன்றி நடக்கிற கிழவர்களை மட்டும் ஒவ்வொருவராகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.