எட்டணா சான்ஸ்

நான் இன்டர்மீடியட் பாஸ் செய்த வருஷம், சென்னையில் டாக்டர் படிப்புக்கு எனக்கு இடம் கிடைக்குமா கிடைக்காதா என்பதை எங்கள் தெருவே கூடி ஆராய்ந்தது. என்னை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. உசிலம்பட்டிப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம் ஒன்று என்னைப் பெண் கேட்டிருந்தது. ஆடி பிறப்பதற்குள் பதில் வேண்டும் என்றார்கள். காலேஜ்காரர்களோ ஆடியில்தான் முடிவு சொல்வார்கள். சீட்டை நம்பி நல்ல சம்பந்தத்தை விட்டு, கடைசியில் இரண்டும் இல்லை என்றாகிவிட்டால்? அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. தாலுகா ஆபீஸ் உத்தியோகஸ்தர். சிம்மக்கல் காய்கறிக் கடையில் கத்தரிக்காயா வெண்டைக்காயா என்று அரைமணி நேரம் நிற்கிற மனிதர். எனக்கு டாக்டராக வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை கிடையாது. அதை வாய்விட்டுச் சொல்லப் பயம்.

பக்கத்து வீட்டு வக்கீல் குமாஸ்தாவை நாங்கள் பெரியப்பா என்போம். கேஸ் ஜெயிக்குமா என்று யார் கேட்டாலும் ரூபாய்க்கு இத்தனை அணா என்று சொல்வார். பதினாறணா என்றால் ஜெயம் நிச்சயம். அப்பா என்னையும் அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“மார்க்கு ஆறணா பெறும் தம்பி. பொம்பளைப் பிள்ளைக மனுப் போடுறது கம்மி, அதுக்கு ரெண்டணா. கண்ணாடி போட்டிருக்கு, பாத்தா டாக்டர் மாதிரித்தான் இருக்கு, ஓரணா.” அப்பாவின் முகம் மலர்ந்தது. “ஆனா கேள்வி கேட்டா தரையப் பாத்துல்ல பதில் சொல்லுது. ஓரணா கழிங்க.”

மறுநாள் கரப்பான் பூச்சியைக் கண்டு நான் போட்ட கூச்சலில் இன்னும் ஓரணா போயிற்று. எதிர்வீட்டுக் குழந்தையின் காலில் முள் எடுத்ததில் அது திரும்பி வந்தது. தும்மினாலும் சிரித்தாலும் என் விலை ஏறி இறங்கியது. எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனி முடிகிற வாரம் கணக்கு எட்டணாவில் வந்து அசையாமல் நின்றுவிட்டது.

“சரிபாதியில நிக்குதேண்ணே. இத வச்சு நான் என்ன செய்ய?” என்றார் அப்பா.

“கோர்ட்டுன்னா வாய்தா வாங்கலாம். இங்க முடியாதுல்ல? பேசாமப் பூக்கட்டிப் பாத்துருங்க.”

திருப்பரங்குன்றம் போனோம். பதிலைக் கையோடு வாங்கிப் போக மாப்பிள்ளையின் சித்தப்பாவும் வந்தார். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்பு அரளியை ஒரு பொட்டலமாகவும் இலையில் மடித்துச் சாமி முன்னால் போட வேண்டும். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுத்துத் தரும். வெள்ளை என்றால் சீட், சிவப்பு என்றால் கல்யாணம். பொட்டலம் கட்டியது அம்மா. குழந்தை எடுத்ததைப் பிரித்தால் வெள்ளை.

“சாமியே சொன்னபெறகு நாம என்னத்தப் பேச?” என்று கும்பிட்டுவிட்டுச் சித்தப்பா பஸ் ஏறிவிட்டார்.

திரும்பும்போது குதிரை வண்டியில் அப்பா, திருநீறு என்று நினைத்து அர்ச்சனைத் தட்டிலிருந்த மற்றப் பொட்டலத்தைப் பிரித்தார். அதிலும் வெள்ளைப் பூ.

“அடிப்பாவி! சாமிகிட்டயே இந்த வேலையா?”

அம்மா அசரவில்லை. “சீட்டு இல்லன்னா அடுத்த வருசமும் கேக்கலாம். கல்யாணம் முடிஞ்சா, அடுத்த வருசம் வேணாம்னு சொல்ல முடியுமா?”

“என்னங்கய்யா, துன்னூறு கொட்டிருச்சா?” என்று வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பா பொட்டலத்தை அவசரமாக மடித்தார்.

அந்த வருஷம் எனக்குச் சீட் கிடைக்கவில்லை. “எட்டணான்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல?” என்று பெரியப்பா வெற்றிக்களிப்பில் இருந்தார். நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

செய்தி உசிலம்பட்டி வரை போய்விட்டது போலிருக்கிறது. ஆவணி பிறந்ததும் சித்தப்பா வெற்றிலை பாக்கோடு வந்து உட்கார்ந்தார். “பிள்ளைக்குத்தான் சீட்டு இல்லைன்னு ஆகிப்போச்சே. எங்க பையன் இன்னும் சும்மாதான் இருக்கான்.”

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா உள்ளே திரும்பி அம்மாவைப் பார்ப்பார், பக்கத்து வீட்டுக்கு ஆள் அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை.

“மன்னிக்கணும். பிள்ளை அடுத்த வருசமும் மனுப் போடுறா.”

“அப்பவும் இல்லைன்னு சொல்லிட்டா?”

“அதுக்கு அடுத்த வருசமும் போடுவா.”

சித்தப்பாவை வழியனுப்பிவிட்டு வந்த அப்பா தண்ணீர் கேட்டார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். செம்பை வாங்கியவர் பாதித் தண்ணீரை வேட்டியெல்லாம் சிந்திக்கொண்டார். மறு வருஷம் எனக்குச் சீட் கிடைத்தபோது தெருவே கொண்டாடியது. எனக்கென்னவோ, அப்பா அப்படி நனைந்த வேட்டியோடு நின்ற அன்றைக்கே கிடைத்துவிட்ட மாதிரிதான் இருந்தது.