ஒரு "அவர்" செய்த வேலை

இன்று பினாங்கு ஆயர் ஈத்தாம் சந்தையில் ஒருவர் என்னை நிறுத்தினார்.

"தம்பி, பியானோ கச்சேரிக் கையேடு நீங்க எழுதுனதுதானே? நான் கவிதாவோட அப்பா. செத்துப்போனவரு."

கவிதா போன வாரம் ஆர்கெஸ்ட்ராவுடன் பியானோ வாசித்தவர். அவர் வாசித்த படைப்பை இயற்றியவர், தம் தந்தையை இழந்த துயரத்தில் அதை எழுதினார். நான் இருவரையும் மரியாதையாக "அவர்" என்றே குறிப்பிட்டிருந்தேன். கவிதாவின் மேடை வாழ்க்கையைச் சொல்லி முடித்த கையோடு, "தந்தையின் மரணம் அவரை உலுக்கியது" என்று எழுதிவிட்டேன்.

"சொந்தக்காரங்களுக்குக் கொடுக்க இருபது புக்கு எடுத்து வெச்சேன். இப்ப எப்படிலா கொடுக்கிறது?"

தலை குனிந்து மன்னிப்புக் கேட்டேன். கையேட்டில் ஒட்டத் திருத்தச் சீட்டு அச்சடித்துத் தருவதாகச் சொன்னேன்.

"சின்னதாப் போடுங்க தம்பி. மக போட்டோவ மறைச்சிடாதீங்க."

ஒருவர் உயிரோடு இருப்பதை ஒரே வரியில் கௌரவமாகத் தெரிவிப்பது எப்படி? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.