ஹிந்தி தெரிந்த கோழி

எங்கள் வீட்டுக் கோழிக்கு ஹிந்தி தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி நான் அடி வாங்காததுதான் குறை. அத்தனை பேரும் சிரித்தார்கள். ஆனால் நான் சொன்னது பொய்யில்லை. சுனாமிக்கு அடுத்த வருஷம் முழுக்க அம்மா அதனிடம் ஹிந்தியில்தான் பேசினாள்.

எங்கள் தீவில் சிப்பிகாட் என்ற ஊரில், எங்கள் வயலுக்குள் வந்த கடல் திரும்பிப் போகவே இல்லை. நெல் விளைந்த இடத்தில் உப்புத் தண்ணீர் நின்றது. மேட்டில் வரிசையாகத் தகரக் கொட்டகைகள் போட்டு எங்களையெல்லாம் குடிவைத்தார்கள். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு தகரம். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் அப்பா "நூறு" என்பார்.

பக்கத்து வீட்டில் ஒரு வங்காளத்து அம்மாள் இருந்தாள். அவர்கள் பாஷையில் சித்தியை அழைப்பதுபோல அவளை நான் மாஷி என்பேன். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. தினமும் எனக்குத் தலை வாரிவிடுவது அவள்தான். அம்மாவைப்போல முடியோடு தலையையும் சேர்த்து இழுக்கமாட்டாள். அம்மாவுக்கு வங்காளம் வராது, மாஷிக்குத் தமிழ் வராது. இருவருக்கும் பொதுவாக இருந்தது தீவு முழுக்கப் புழங்கும் ஹிந்தி. அதையும் இருவரும் சமமாக உடைத்துத்தான் பேசினார்கள். ஆனாலும் காலையில் குழாயடியில் தொடங்கும் பேச்சு, விளக்கு வைக்கிற நேரம்வரை ஓயாது.

அந்தப் பேச்சை நிறுத்தியது எங்கள் கோழி. மாஷி பருப்பு அரைத்து, சின்னச் சின்ன வடகமாகக் கிள்ளிக் காயவைத்திருந்தாள். கோழி அதன்மேல் ஏறி மிதித்து, தின்ன முடிந்தவரை தின்றது. மாஷி விறகுக்கட்டையை எடுத்து வீசினாள். கோழி நொண்டிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கோபத்தில் கண்மண் தெரியவில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் இரக்கம் எங்கிருந்து வரும் என்று வாசலில் நின்று ஹிந்தியிலேயே சொல்லிவிட்டாள். மாஷி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன்பிறகு தகரத்துக்கு இரண்டு பக்கமும் அமைதி. என் தலையை மறுபடியும் அம்மாவே வாரினாள். எனக்கு மாஷிக்காக அழுகை வந்தது, தலை வலித்ததற்காகவும் வந்தது.

ஒருநாள் அம்மா வாசலில் தவிடு போட்டபடியே கோழியிடம் உரக்கச் சொன்னாள்: "ஏ முர்கி, கல் பானி நஹீ ஆயேகா. ஆஜ் ஹீ பர்கே ரக்கோ." நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராதாம், இன்றே பிடித்து வைக்க வேண்டுமாம். கோழி எதில் பிடித்து வைக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டில் வாளிகள் உருளும் சத்தம் கேட்டது.

மறுவாரம் மாஷி தன் ஆட்டிடம் ரேஷனில் அரிசி வந்துவிட்டது என்றாள். அம்மா உடனே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஆடும் கோழியும் இப்படியே ஊர் சமாசாரம் அத்தனையும் தெரிந்துகொண்டன. யாருக்குக் காய்ச்சல், எந்தக் கப்பல் மெயின்லேண்டிலிருந்து வருகிறது, மீன் என்ன விலை, எல்லாம்.

எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. அரிசியைக் கையில் மறைத்துக்கொண்டு கோழியைத் தமிழில் கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. ஹிந்தியில் கூப்பிட்டேன், அப்போதும் வரவில்லை. அம்மாவின் ஹிந்திதான் அதற்குப் புரியும்போல என்று முடிவுகட்டினேன்.

"நேராப் போய்ப் பேசினா என்னவாம்?" என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய்ப் பேச?" என்றாள் அம்மா. அவள் மூஞ்சிக்கு என்ன குறை என்று நான் உற்றுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் மாஷி ஆட்டிடம், வடக்கே ரங்கத் ஊரில் இருக்கும் தம்பி வரச்சொல்லிவிட்டான், சனிக்கிழமை பஸ்ஸில் கிளம்புகிறேன், இனி அங்கேதான் என்றாள். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்தாள். மாஷி போய்விடுவாள் என்பதைவிட, அதற்குள் இவர்கள் பேசிக்கொள்ளமாட்டார்களே என்பதுதான் எனக்குத் தவிப்பாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் மாஷி ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்து எங்கள் வாசல் கம்பில் கட்டினாள். பஸ்ஸில் ஆட்டை ஏற்றமாட்டார்கள். "யஹீங் ரஹ்" என்று அதன் நெற்றியைத் தடவினாள். "சில்லாயேகீ, லேகின் பூக்கா நஹீ ரக்கேகீ." இங்கேயே இரு, இவள் கத்துவாள், ஆனால் பட்டினி போடமாட்டாள்.

அம்மா கோழியின் காலைக் கட்டிக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மாஷியைப் பார்க்கவில்லை. கூடைக்குள் குனிந்து, "வஹாங் பானி உபால்கே பீனா" என்றாள். அங்கே தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னாள். சாக்கடைத் தண்ணீர் குடித்து வளர்ந்த கோழி அது! பிறகு, "மேரா ஜுபான் கராப் ஹை. மன் மே மத் ரக்னா" என்றாள். என் நாக்கு கெட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதே. காலைக் கட்டியதற்கு இவ்வளவு மன்னிப்பா என்று எனக்கு ஆச்சரியம்.

மாஷி கூடையை வாங்கிக்கொண்டாள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்ததும், என் தலையை ஒருமுறை கோதிவிட்டதும் ஞாபகம் இருக்கிறது. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

பக்கத்துக் கொட்டகை வெகுநாள் காலியாகவே கிடந்தது. அம்மா என்னோடும் அப்பாவோடும் தமிழில் பேசினாள். வாசலுக்குப் போனால் மட்டும் ஆட்டிடம் ஹிந்தி. எனக்கு அம்மை போட்டதையும், அரசாங்கம் கட்டித்தரும் புது வீடு எங்களுக்கு எந்தப் பக்கம் கிடைக்கும் என்பதையும் அதனிடம் உரக்கச் சொன்னாள்.

"பக்கத்துலதான் யாருமே இல்லையே, இன்னும் எதுக்கு ஹிந்தி?" என்றார் அப்பா.

அம்மா ஆட்டுக்குத் தழையை நீட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நான்தான் சொன்னேன்: "அதுக்குத் தமிழ் தெரியாதுப்பா."