ஜெயவேல் சொன்ன யானைப் பாறை

ஜெயவேல் அண்ணன் வேனில் போனால் ஒரு குண்டூசிகூடத் தொலையாது. ஆரணியில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வருஷா வருஷம் காணும் பொங்கலன்று கண்ணமங்கலம் தாண்டி, காட்டுக்குள் இருக்கிற அருவிக்கு எங்கள் தெருப் பெண்களை ஏற்றிப்போகிறவர் அவர்தான். வேன் நின்றதும் செயின், வளையல், போன் என்று ஆளாளுக்குக் கழற்றி அவருடைய ரெக்சின் பையில் போடுவோம். அவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார். பிரியாணி அண்டாவைக் குரங்கிடமிருந்து காப்பாற்றுவதும் அவர் பொறுப்பு. நாங்கள் காட்டுக்குள் நடந்துபோய், ஆட்டம் போட்டுவிட்டு, பசியோடு திரும்பி வருவோம். ஒருத்தியாவது "நீங்களும் போய் குளிச்சிட்டு வாங்கண்ணா" என்று சொன்னதுண்டா? கிடையாது. எங்களுக்கு இருக்கிற புத்தி அவ்வளவுதான்.

ஆனால் தன் வீட்டில் அந்த அருவியைப் பற்றி அவர் பேசிக் கேட்க வேண்டும்! அருவிக்குப் பக்கத்தில் யானை படுத்திருக்கிற மாதிரி ஒரு பாறை, அதில் சாய்ந்து உட்கார்ந்தால் தண்ணீர் பூப்போல முதுகில் விழும் என்பார். கல்யாணமான புதிதில் அவர் மனைவி அபிதகுசாம்பாள், "அருவி எப்படி இருந்துச்சிங்க?" என்று ஆசையாகக் கேட்டாளாம். காவல்காரன் மாதிரி வண்டியில் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல மனுஷனுக்கு வெட்கம். அன்று பிறந்ததுதான் யானைப் பாறை. அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அது கொஞ்சம் வளர்ந்தது.

இது எனக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை கால் பிசகி நான் பாதியிலேயே திரும்பிவிட்டேன். வேன் நிறுத்துகிற இடத்தில் குழாயடியில் நின்றுகொண்டு, அண்ணன் தன் துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"கலை, வூட்ல சொல்லிடாதம்மா. குளிச்சேன்னு சொல்லிகினு இருக்கேன். அவகிட்ட என் மானம் போயிடும்."

நான் ஊருக்கே ரவிக்கை தைக்கிறவள். நாலு பெண்கள் வந்து உட்கார்ந்து பேசுகிற இடம் என் மிஷின் பக்கம். அப்படியும் வாயைத் திறக்கவில்லை.

இந்தப் பொங்கலுக்கு வேனில் ஒரு சீட்டு காலியாக இருந்தது. அபிதாக்கா தலை நிறைய கனகாம்பரம் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் வருவது இதுதான் முதல் தடவை. வழியெல்லாம் பாட்டும் கூத்துமாகப் போனோம். ஸ்டியரிங் பிடித்திருந்தவர் மட்டும் கண்ணாடியில் அக்காவையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வேன் நின்றது. பை நிறைந்தது. அண்ணன் வழக்கம்போலச் சீட்டில் சாய்ந்தார்.

"நீங்க இறங்குங்க," என்றாள் அக்கா.

"வண்டிய யாரு பாத்துக்கிறது?"

"பூட்டினா அது எங்க ஓடிடப்போவுது? வாங்க. அந்த யானைப் பாறைய நீங்கதான் காட்டணும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

காட்டுக்குள் அண்ணன் முன்னால் நடந்தார். மூங்கில் புதர் பக்கத்தில் வழி இரண்டாகப் பிரிந்தது. எந்தப் பக்கம் போவது என்று எங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அக்கா பின்னாலேயே நின்றாள். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் தரையைப் பார்த்தார். இடது பக்கப் பாறையில், முன்னமே குளித்துத் திரும்பினவர்களின் ஈரக் கால்தடங்கள் இருந்தன. ஈரக் காலோடு சீட்டில் ஏறாதே என்று எங்களைத் திட்டித் திட்டிப் பழகின கண்ணல்லவா! இடது பக்கம் திரும்பினார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

ஆனால் அருவிக்கு முன்னால் எந்தத் தடம் உதவும்? மரங்கள் விலகி, வெள்ளையாகத் தண்ணீர் விழுவது தெரிந்ததும் அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. முதல் தடவை பார்க்கிறவன் முகத்தை எப்படி மறைப்பது?

"யானைப் பாறை எங்கங்க?" என்றாள் அக்கா.

அவர் அங்கும் இங்கும் பார்த்தார். எருமை மாதிரிகூட ஒரு பாறை இல்லை. கூட வந்த பெண்கள் சிரிக்கத் தயாரானார்கள்.

"இல்ல அபிதா," என்றார். "நான் இங்க வந்ததே இல்ல. இத்தினி வருஷமும் வண்டியிலதான் குந்திகினு இருந்தேன். உன்கிட்ட சொன்னதெல்லாம் பொய்யி."

யாரும் சிரிக்கவில்லை.

"தெரியும்," என்றாள் அக்கா. "அருவியில குளிச்சிட்டு வந்தவரு தலையில எண்ணெ வச்சது வச்சபடியே இருக்குமா? துண்டு மட்டும் நனைஞ்சிருக்கும்."

"தெரிஞ்சே ஏன் இட்டுகினு வந்த?"

"என் கண்ணு முன்னால நீங்க ஒருவாட்டி குளிக்கணும். அதுக்குத்தான் வந்தேன். அந்தப் பைய இப்படி குடுங்க."

அவர் கழுத்திலிருந்த பையை அவளே கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தாள். அண்ணன் சட்டையோடு தண்ணீருக்குள் போனார். போனவர் வெளியே வரவே இல்லை. நேரமாகிறது என்று நாங்கள் குரல் கொடுத்தோம். "விடுங்கடி, குளிக்கட்டும்," என்று அக்கா எங்களை அதட்டினாள்.

ஒருவழியாக வந்தார். உதடு நடுங்கியது. எண்ணெயெல்லாம் போய் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"எப்படி இருந்துச்சிங்க?" என்றாள் அவள்.

"பூ மாதிரியெல்லாம் இல்ல. அடி பின்னுது," என்றார். பிறகு பையை வாங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "இப்ப நீ போ. நான் சொன்னதையெல்லாம் மறந்துட்டுப் போ."

அக்கா கனகாம்பரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அண்ணன் அன்றும் பையைக் காத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்தக் கல்லிலிருந்து பார்த்தால் அருவி தெரிந்தது. அதன் கீழே அபிதாக்கா சிரித்துக்கொண்டு நிற்பதும் தெரிந்தது.