சட்டத்துக்கு வைத்த சந்தனப் பொட்டு

இன்று காலை குத்தாலம் பக்கம் ஓர் அரிசி மில்லில்...

நெல் ஈரப்பதம் பற்றிச் செய்தி எடுக்கப் போனேன். மில் முதலாளி தன் கல்ஃப் வீர வரலாற்றைத் தொடங்கிவிட்டார்.

"கம்பெனிக்காரன் சம்பளத்தக் கொறச்சான் சார். நேரா லேபர் கோர்ட்டு! முழுசா வாங்கிட்டுத்தான் ஃபிளைட் ஏறினேன்!"

(அந்தப் பணம்தான் இந்த மில்லுக்கு விதைநெல்.)

குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று தொழிலாளர் கண்ணில் படும்படி போர்டு வைக்க வேண்டும் என்கிறது சட்டம். இவரும் வைத்திருந்தார். ஆபீஸ் ரூமில், சாமி படங்களுக்கு நடுவே!

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சட்டத்தைப் படிக்க முடியும்.

ஆயுத பூஜைக்கு எல்லாப் படங்களுக்கும் சந்தனம் வைத்திருக்கிறார். மகாலட்சுமிக்கு நெற்றியில் பொட்டு. போர்டுக்கு, கூலித் தொகை எழுதிய இடத்தில் பொட்டு. (பக்தி சற்றுத் தாராளம். ஓர் எண்கூடத் தெரியவில்லை.)

அப்போது ஒரு போன். லேபர் ஆபீசிலிருந்து மேடம் வருகிறாராம்.

களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த செல்வியை முதலாளியே கூப்பிட்டார். "ஏ செல்வி! படத்தையெல்லாம் தொடச்சு வை, போர்டையும் சேத்து. பளிச்சுன்னு இருக்கணும்!"

செல்வி ஈரத்துணியால் துடைத்தார். பொட்டு போனது. தொகையைப் படித்ததும் துணி அங்கேயே நின்றது.

மேடம் வந்தார். போர்டைப் பார்த்தார். தொகை சரியாக இருந்ததில் திருப்தி. பக்கத்தில் நின்ற செல்வியிடம் கேட்டார்.

"உங்களுக்கு எவ்வளவும்மா குடுக்குறாங்க?"

செல்வி முதலாளியைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் நாளைக்கு வேலை இருக்குமோ, என்னவோ.

"இதுல போட்டிருக்கறதுல பாதிக்குக் கொஞ்சம் மேல, மேடம்."

முதலாளி பதறினார். "வீட்டுப் பொண்ணு மாதிரி வச்சிருக்கேன் மேடம்! தீபாவளிக்குப் புடவை, தெனம் ரெண்டு வேளை டீ..."

"டீயும் புடவையும் கூலில சேராதுங்க. எல்லாருக்கும் கொறச்சத கணக்குப் பண்ணிக் குடுங்க. போர்ட எல்லாரும் பாக்கற மாதிரி களத்துல மாட்டுங்க. உண்மையச் சொன்னாங்கன்னு இவங்கள நிறுத்துனீங்கன்னா, அது தனி கேஸு."

முதலாளி செல்வியை முறைத்தார். "உன்னப் போயி வீட்டுப் பொண்ணா நெனச்சேன் பாரு!"

"அப்படி நெனைக்க வேணாம் மொதலாளி. வேலக்காரியாவே நெனைங்க. அதுக்குத்தான் போர்டுல ரேட்டு போட்டிருக்கு."

கல்ஃப் லேபர் கோர்ட்டில் வென்ற வீரர் என்னைப் பார்த்தார். நான் நெல்லின் ஈரப்பதத்தைப் பார்த்தேன்.

நான் கிளம்பும்போது, முதலாளி களத்துச் சுவரில் போர்டுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். மேடம் கூடவே நின்றார்.

உங்கள் ஊர் மில்லில் சட்டம் எங்கே தொங்குகிறது? செருப்போடு போய்ப் படிக்க முடிகிறதா?