பீங்கான் கோப்பையில் டீ குடித்த பாவம்

யோசனை சொல்லிப் பிழைக்கும் தொழிலில், நம்மை எதிர்ப்பவர்களால் கெடுதல் இல்லை; தலையாட்டுகிறவர்களால்தான் கெடுதல். அப்படித் தலையாட்டியே எனக்கு அநியாயம் செய்தார்கள். உங்களுக்கும் நடந்திருந்தால் என் கட்சிக்கு வந்துவிடுங்கள்.

முதல் உபசாரம்

போன வருஷம் சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு, எங்கள் பேராசிரியர் என்னைக் கடலூர் ஓல்டு டவுனுக்கு அனுப்பினார். மீனைச் சுத்தமாக உலர்த்த வழி கேட்டு எழுதியிருந்தவர் கருவாட்டு வியாபாரி காதர் பாய். மணலில் பரப்பாமல் மூங்கில் தட்டி கட்டி அதன்மேல் காயவையுங்கள் என்றேன். பாய் நாற்காலி போட்டார். ரேஷன் சர்க்கரையை அள்ளிப்போட்டுப் பீங்கான் கோப்பையில் டீ கொடுத்தார். "ரொம்ப சரிங்கம்மா, செஞ்சிடலாம்."

அல்வாவும் வந்தது

அடுத்த வாரம் போனால் மீன் மணலில்தான் கிடக்கிறது. அதன்மேல் நாய் ஒன்று உலாவுகிறது. மறுபடி விளக்கினேன். மறுபடி "சரிங்கம்மா." டீயோடு பிஸ்கட். அதற்கடுத்த வாரம் அல்வா. உபசாரம் ஏறிக்கொண்டே போனதே தவிர, ஒரு மூங்கில்கூட வந்து இறங்கவில்லை. வாதாடப் பிறந்தவளுக்குப் பதில் வாதம் கிடைக்காவிட்டால் எப்படி இருக்கும் பாருங்கள்.

பேராசிரியரும் பொறுமை இழந்தார். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் இதே வேலைக்குக் காத்திருந்தார்கள். "மழைக்கு முன்னாடி ஒரு தட்டியாவது நிக்கணும்மா. இல்லேன்னா இனிமே பொண்ணுங்கள வெளியூருக்கு அனுப்ப மாட்டேன்."

அஞ்சலை சிரித்தது

மண்டி வாசலில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்த அஞ்சலையிடம் புலம்பினேன். அவள் சிரித்துவிட்டாள். கூட வேலை செய்கிறவர்களிடம் பாய் நாள் முழுக்கச் சண்டை போடுவாராம். வீடு தேடி வந்தவர்களிடம் மட்டும் மாட்டேன் என்ற சொல்லே வாயில் வராதாம். "பீங்கான்ல டீ குடிக்கிற வரைக்கும் நீ விருந்தாளிதாம்மா."

உப்பு மூட்டை

நேரே உள்ளே போனேன். நாற்காலியை ஒதுக்கிவிட்டு உப்பு மூட்டைமேல் உட்கார்ந்தேன். பாய் உட்பட மண்டியில் எல்லோரும் குடிக்கும் கண்ணாடி கிளாஸில் எனக்கும் டீ கேட்டேன். இன்றைக்கு விருந்துக்கு வரவில்லை, என் தட்டியில் என்ன கோளாறு என்று சொல்லுங்கள் என்றேன். பாய் கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ந்தா புள்ள, இந்தக் காத்துல உன் தட்டி பறந்துபோனா, கருவாட்ட நான் கடல்லயா பொறுக்குவேன்?"

அடடா, என்ன சுகமான வார்த்தை! உயரத்தைக் குறைக்கலாம் என்றேன். நாய்க்குப் பந்தி போடவா என்றார். பழைய வலையை மேலே கட்டலாம் என்றேன். காக்காய்க்கும் அது ஆகும் என்று அவரே சேர்த்தார். தொழுகைக்கு எழுந்து போனவர், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்.

மழைக்கு முன்பே முழங்கால் உயரத் தட்டி நின்றது. பார்க்க வந்த பேராசிரியர், அடுத்து வரும் பெண்களுக்கு என்ன சொல்லி அனுப்புவது என்று கேட்டார்.

"கண்ணாடி கிளாஸ்ல டீ கேட்டு வாங்கச் சொல்லுங்க சார், சண்டை தானா வரும்."